சந்தனத்துக்குக் கீழே இரண்டு வளையங்கள்

மகன் வாங்கிவிட்டு ஓட்டாமல் போட்ட சைக்கிள்தான் என் சைக்கிள். சக்கரம் சின்னது. நடுவில் ஒரு கீல் இருக்கிறது. மடித்தால் பெட்டிபோல் சுருங்கிவிடும், எம்ஆர்டி ரயிலில்கூடக் கொண்டுபோகலாம். நான் வேலையிலிருந்து நின்ற பிறகு, அது வாசலில் சும்மா சாய்ந்து கிடப்பதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. சிறுமியாக இருந்தபோது ஓட்டியதுதான். ஒரு விடியற்காலையில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னாலிருந்த கார் நிறுத்துமிடத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய் ஏறிப் பார்த்தேன். கால் மறக்கவில்லை.

அதிலிருந்து, நாங்கள் குடியிருக்கிற புக்கிட் பாத்தோக்கில் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் அதில்தான் போகிறேன். ஈரச்சந்தை, கோயில், மருந்தகம் எல்லாவற்றுக்கும் அதுதான். பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். "உக்காருங்க ஆன்ட்டி" என்பார்கள். உட்காரவும் கூச்சமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கும். சைக்கிளில் அந்தத் தொல்லை இல்லை. மணியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. யாரையும் கேட்காமல் கிளம்பவும் செய்யலாம். இந்த வயதில் எனக்கென்று இருந்த சுகம் அது ஒன்றுதான்.

போன மழைக்காலத்தில் ஹேண்டில் மக்கர் செய்யத் தொடங்கியது. இடது பக்கம் திரும்பும், வலது பக்கம் திரும்பும். ஆனால் நேராகப் போகும்போது எதுவோ ஒரு குழியில் போய் உட்கார்ந்ததுபோல் நின்றுவிடும். அதிலிருந்து கிளப்ப ஒரு வெட்டு வெட்டவேண்டும். வெட்டினால் அளவுக்கு மீறித் திரும்பும். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், நேராகப் போவது என்று ஒன்று கிடையாது. கை தனக்குத் தெரியாமலே துளித்துளியாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கும். அது நின்றுபோன பிறகுதான் அப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் காலையில் பூங்கா இணைப்புப் பாதையில் எதிரே ஓர் அம்மாள் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கப் பார்த்தேன். ஹேண்டில் குழியை விட்டு வரவில்லை. அழுத்தினேன். சட்டென்று விட்டது. அப்படியே செடிக்குள் போய் விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். நாய் வந்து என் முகத்தை மோந்து பார்த்தது. அந்த வெட்கம்தான் முழங்கையைவிட அதிகமாக எரிந்தது.

சாயங்காலம் மகன் பார்த்துவிட்டான்.

"என்னம்மா இது கையில?"

"சும்மா. ஒரசிக்கிச்சு."

"சைக்கிள்ல விழுந்தீங்களா?"

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"போதும்மா. பேலன்ஸ் போச்சு. இந்த வயசுல எல்லாருக்கும் போறதுதான், அதுல ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழம கராங்கூனிக்காரர் வருவாரு, எடுத்துக் குடுத்துடலாம். ரிஸ்க் வேணாம் லா."

கராங்கூனிக்காரர் என்றால் ஹார்ன் அடித்துக்கொண்டு மாடி மாடியாக வந்து பழைய சாமான் எடுத்துப் போகிறவர். அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கும் பதிலுக்கு ஏதாவது வந்திருக்கும். பாசமாகச் சொன்னான்.

சைக்கிள் போய்விடும் என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய பயம், அவன் சொன்னது உண்மையாக இருக்குமோ என்பது. ஹேண்டிலா, நானா? கை என்னுடையது, பேலன்ஸ் காதில்தான் இருக்கிறது என்பார்கள், அந்தக் காதும் என்னுடையது, தலைக்குள் இருக்கிற நிதானமும் என்னுடையது. அது போகத் தொடங்கினால் எனக்கே தெரியுமா? அன்றிரவு ரசத்தில் உப்பு கூடிவிட்டது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். பாத்திரம் கழுவும்போது தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். நிற்க முடிந்தது. தொட்டியை விட்டுவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் முடிந்தது. அது கொஞ்சமா, போதுமா என்று சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது சைக்கிளின் முன்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை மெல்லத் தள்ளினேன். போய்க் குழியில் உட்கார்ந்தது. மறுபடியும் தள்ளினேன். மறுபடியும் அதே இடம். மேலே நான் ஏறவில்லை. அப்படியிருந்தும் அது சிக்கிக்கொண்டது. சனிக்கிழமை தேக்காவுக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

லிட்டில் இந்தியாவை நாங்கள் தேக்கா என்றுதான் சொல்வோம். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் பூ வாங்குகிற கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சைக்கிள் கடை உண்டு. பல வருடமாகப் பார்க்கிறேன், உள்ளே போனதில்லை. மடித்த சைக்கிளை இழுத்துக்கொண்டு ரயிலேறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, ஊட்ரம் பார்க்கில் மாறி வந்துசேர்ந்தேன். முதலில் பூ வாங்கினேன். சைக்கிள் கடையைத் தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் தாண்டினேன்.

"ஆன்ட்டி!" உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "சைக்கிளுக்கு ஊரச் சுத்திக் காட்டுறீங்களா, இல்ல ரிப்பேரா?"

கடைக்காரர் நடுவயது. தொந்தியும் குரலும் பெரியவை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாப்பாடு டெலிவரி செய்கிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் தமிழ்தான். அவளுடைய சைக்கிளின் பின்சக்கரம் கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது.

"அவங்கள பயமுறுத்தாதீங்கண்ணே," என்றாள் அந்தப் பெண். "நீங்க வாங்க ஆன்ட்டி. இவரு கத்துவாரு, கடிக்க மாட்டாரு."

நான் ஹேண்டிலைக் காட்டினேன். கடைக்காரர் முன்சக்கரத்தைத் தூக்கினார், ஒரு விரலால் ஹேண்டிலைத் தள்ளினார். அது போய்க் குழியில் உட்கார்ந்தது.

"விழுந்தீங்களா?"

"ம்."

"விழாம எப்படி இருப்பீங்க? நான் ஓட்டினாலும் விழுவேன். ஹெட்செட் பேரிங் போச்சு."

எனக்கு அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் கடைக்காரர் சொல்வதை நம்பி எப்படி வீட்டுக்குப் போவது? ரிப்பேர் கடையில் எல்லாம்தான் போய்விட்டது என்பார்கள். நான் எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை, "அத நான் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"தாராளமா. ஸ்டூல எடுத்துப் போட்டு உக்காருங்க."

ஹேண்டிலும் முன்சக்கரத்தின் கவையும் சேர்கிற இடத்தில், சட்டத்தின் முன்னால், நெற்றிபோல் ஒரு குட்டைக் குழாய் இருக்கிறது அல்லவா, அதற்குள்தான் இந்த ஹெட்செட் இருக்கிறதாம். கவையின் தண்டு அந்தக் குழாய்க்குள் நுழைந்து மேலே வருகிறது. மேல்வாயில் ஒரு பேரிங், கீழ்வாயில் ஒரு பேரிங். சைக்கிளின் முன்பாரம், என் பாரம், கூடையில் இருக்கிற கத்திரிக்காய் பாரம், எல்லாம் அந்த இரண்டின் மேல் உட்கார்ந்துகொண்டு திரும்புகிறது.

அவர் மேல்மூடியைத் துடைக்கப் போனவர் நின்றார்.

"இது என்ன ஆன்ட்டி மஞ்சளா? கஸ்டர்ட் கொட்டிடுச்சா?"

"சந்தனம்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "ஆயுத பூஜைக்கு வச்சதா?"

"அதுக்கும் வப்பேன். வெள்ளிக்கிழமையும் வப்பேன்."

"வாரா வாரமா!"

"மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவிட்டு வப்பேன்," என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"தண்ணிய எங்க ஊத்துவீங்க?" என்றார் கடைக்காரர்.

"தலையில."

அவர் தன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "நானும் தமிழன்தான் ஆன்ட்டி. நானும் இந்தக் கடையில ஸ்பேனர்லேருந்து காத்தடிக்கிற மெஷின் வரைக்கும் பொட்டு வப்பேன். ஆனா நெத்தியில வப்பேன். நீங்க உச்சந்தலையில அபிஷேகமே பண்ணிட்டீங்க. மேல் பேரிங் செத்துருக்கும். உள்ள சந்தன மில்லே இருக்கும்."

"இருக்காது," என்றாள் அந்தப் பெண். "ஆன்ட்டி மொகத்தப் பாத்தா அப்படித் தெரியல."

"மொகத்துக்கும் பேரிங்குக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஒரு தே தாரேக் பந்தயம். தோத்தவங்க டீ வாங்கிக் குடுக்கணும்."

"சரி."

என்னை வைத்துப் பந்தயம் கட்டுகிறார்கள் என்று முதலில் குறுகிப்போனேன். அப்புறம் எனக்கே பார்க்கவேண்டும் என்று ஆகிவிட்டது.

ஹேண்டில் தண்டைக் கழற்றினார். மேல்மூடியைத் தூக்கினார். அதற்கடியில் ஒரு வளையம் இருந்தது. முழு வளையம் இல்லை, ஓரிடத்தில் வெட்டு விட்டிருந்தது. இறுக்கும்போது சுருங்கித் தண்டைக் கவ்விக்கொள்ள அந்த வெட்டு வேண்டுமாம். அதையும் எடுத்த பிறகு மேல் பேரிங் கையோடு வந்தது. துடைக்காமல் அப்படியே என் உள்ளங்கையில் வைத்தார்.

மோதிரத்துக்கும் வளையலுக்கும் நடுவில் ஓர் அளவு. ஒரு இரும்பு வளையத்துக்குள் இன்னொரு இரும்பு வளையம். இரண்டுக்கும் இடையில் கறுப்பு ரப்பர். அந்த ரப்பர் கறுப்பாகவே இல்லை, என் மஞ்சளும் சந்தனமும் ஏறிக் கோயில் படிபோல் இருந்தது. ஓரங்கள் சாய்வாகச் செதுக்கப்பட்டிருந்தன. சட்டத்தில் வைத்தால் அந்தச் சாய்வில் வழுக்கிக்கொண்டு தானாகவே நடுவில் போய் உட்கார்ந்துவிடுமாம். யாரும் அளந்து வைக்க வேண்டியதில்லை.

"சுத்திப் பாருங்க," என்றார்.

உள்வளையத்தைப் பிடித்துக்கொண்டு வெளிவளையத்தைச் சுற்றினேன். சத்தம் இல்லை. சொரசொரப்பு இல்லை. சுற்றுகிறதா இல்லையா என்றே விரலுக்குத் தெரியவில்லை, கண்ணுக்குத்தான் தெரிந்தது.

கடைக்காரர் வாங்கிச் சுற்றினார். அவர் முகம் மாறியது. காதோரம் வைத்துச் சுற்றினார். "இரும்மா," என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, ரப்பரை நெம்பப் பெரிய கத்தி ஒன்றை எடுத்தார்.

"கிழிஞ்சிடும்," என்றேன். என் வளையலில் எப்போதும் ஊக்கு மாட்டியிருக்கும். ஒன்றைக் கழற்றி நீட்டினேன்.

"நீங்களே எடுங்க. ஒங்க கை நடுங்கல, என் கை தடிமன்."

கண்ணாடியைக் கழற்றினேன். கிட்டத்தில் இருப்பது எனக்குக் கண்ணாடி இல்லாமல்தான் நன்றாகத் தெரியும். ரப்பரின் உள்ளோரத்தில் ஊக்கின் நுனியை விட்டு மெல்லத் தூக்கினேன். எழும்பி வந்தது.

உள்ளே அப்போதுதான் உருக்கி ஆறவைத்த நெய்போல் கிரீஸ். ஒரு தூசி இல்லை, ஒரு மஞ்சள் துளி இல்லை. அந்த நெய்க்குள் சின்னச் சின்னக் குண்டுகள் வரிசையாகப் பாதி முங்கி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் கடையின் டியூப் லைட் ஒரு கோடாகத் தெரிந்தது. நான் எத்தனை வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றியிருப்பேன்! எத்தனை தடவை சந்தனம் காய்ந்து, உதிர்ந்து, மேலே மறுபடியும் பூசியிருப்பேன்! இத்தனைக்கும் நடுவே வெங்காயச் சருகு கனத்தில் ஒரு ரப்பர், சத்தம் போடாமல் எல்லாவற்றையும் வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்திருக்கிறது.

"தோத்தீங்களாண்ணே," என்றாள் அந்தப் பெண்.

"தோத்தேன்," என்றார் அவர். அவரும் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "இவ்வளவு காலம் பாத்திருக்கேன். வெளிய இந்த நெலமையில இருக்கிறது, உள்ள இப்படிச் சுத்தமா இருந்து பாத்ததில்ல."

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஜூரோங்கில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே கையை வைத்து வேலை பார்த்திருக்கிறேன். தலைமயிரைவிட மெல்லிய கம்பியை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒட்டுவோம். ஒரு தட்டு முடிந்தால் அடுத்த தட்டு வரும். அது எதற்குள் போகும், போய் என்ன செய்யும் என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, மேற்பார்வையாளரிடம் கழிவறைக்குப் போகவே கேட்கக் கூச்சப்பட்டவள், இதை எங்கே கேட்பேன்? ஒரு சின்னச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்காக இப்படி இருக்கிறது என்று நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இறுக்கி மூடினாத்தான தண்ணி போகாது? இறுக்கினா எப்படிச் சுத்துது?"

கடைக்காரருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ரப்பரோட வெளி ஓரம் இருக்குல்ல, அது வெளி வளையத்தக் கவ்விக்கும். அது அசையாது. உள்ளோரம் பாருங்க, ஒதடு மாதிரி மெலிசா இருக்கா? உள் வளையத்துல அதுக்குன்னு வாய்க்கா மாதிரி ஒரு கோடு வெட்டிருக்கான். ஒதடு அதுல போய் உக்காரும். அழுத்தாது. சும்மா தொடும். அழுத்தினா சுத்தாது, தொடலன்னா தண்ணி போயிடும். மிச்சம் இருக்கிற இடுக்க, உள்ள இருக்கிற கிரீஸே வந்து அடச்சிக்கும்."

"சும்மா தொடுறதுக்கா இவ்வளவு பலம்?"

"அதான் ஆன்ட்டி பலம்."

நான் மறுபடியும் பார்த்தேன். ஊக்கு நுனியால் அந்த உதட்டைத் தொட்டேன். வளைந்து கொடுத்தது, எடுத்ததும் தன் இடத்துக்கு வந்தது. இவ்வளவு மெல்லியதை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எவ்வளவு தொட்டால் போதும் என்று யோசித்திருக்கிறார்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் திரை விலகும்போது வருமே, கிட்டத்தட்ட அதுதான்.

அப்புறம்தான் கீழ் பேரிங்கை எடுத்தார். அது வர மறுத்தது. தட்டித் தட்டி எடுக்கவேண்டியிருந்தது. வந்தபோது கூடவே பழுப்புத் தண்ணீர் கொஞ்சம் தரையில் ஒழுகியது.

"ஆ, இங்க இருக்கு நம்ம அபிஷேகம்," என்றார்.

தண்ணீர் மேல் பேரிங்குக்குள் போகவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. வெட்டு விட்ட வளையம் என்று சொன்னேனே, அந்த வெட்டு வழியாகத் தண்டை ஒட்டியே இறங்கி, குழாய்க்குள் விழுந்து, கீழ் பேரிங்கின் தலைமேல் நின்றிருக்கிறது. மேலே இன்னொரு ரப்பர் வளையம் இருந்திருக்க வேண்டுமாம். மேல்மூடிக்குக் கீழே, தண்ணீர் அந்த வெட்டுக்கே வராமல் தடுக்க. அது என்றைக்கோ காய்ந்து விழுந்துபோயிருந்தது.

"கீழ இருக்கிறதுக்கும் ரப்பர் இருக்குமே?" என்றேன்.

"இருக்கு. தெறிக்கிற தண்ணிய அது தடுக்கும் ஆன்ட்டி. மேலயே தேங்கி நிக்கிற தண்ணிய எவ்வளவு நாள் தடுக்கும்? பாவம், அதுவும் பாத்திருக்கு, முடியல."

அந்த ரப்பரையும் ஊக்கால் தூக்கினேன். உள்ளே நெய் இல்லை. செம்மண் குழம்பு இருந்தது. கடைக்காரர் மண்ணெண்ணெயில் கழுவி, வளையங்களைப் பிரித்து, குண்டுகள் ஓடுகிற தடத்தைக் காட்டினார். துரு அரித்த அந்தத் தடத்தில், குண்டுகள் இருந்த இடத்திலெல்லாம் ஒவ்வொரு பள்ளம்.

"சக்கரத்துல இருக்கிற குண்டு சுத்திச்சுத்திப் போயிட்டே இருக்கும். இது அப்படி இல்ல. நீங்க நேராப் போறப்போ குண்டெல்லாம் ஒரே எடத்துல நிக்கும். மேட்டுல ஏறி எறங்குற ஒவ்வொரு இடியும் அங்கயே விழும். கிரீஸ் இருந்தா தாங்கும். துருவுல தாங்குமா? பள்ளம் விழுந்துடுச்சு. அப்புறம் நேரா வந்தாலே எல்லாக் குண்டும் ஒண்ணா அதுல விழுந்துடும்."

நான் ஊக்கின் நுனியைத் தடத்தில் வைத்து மெல்ல இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது, ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றது. எடுத்து இழுத்தேன், அடுத்ததில் விழுந்தது. கையில் பல நாளாக நான் உணர்ந்தது இதேதான், அளவு மட்டும்தான் சின்னது. அந்தச் செடிக்குள் நான் போய் விழுந்த காரணம் கடுகளவுப் பள்ளங்களாக என் கையில் இருந்தது. என் காதில் இல்லை, தலையில் இல்லை. கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் பாவனை செய்தேன்.

"என்ன ஆன்ட்டி?" என்றாள் அந்தப் பெண்.

"மண்ணெண்ண வாட."

மேல் பேரிங்குக்கு ரப்பரை நானே திரும்ப வைத்தேன். பெருவிரலால் சுற்றிலும் அழுத்திக்கொண்டே வரவேண்டும். கடைசி இடத்தில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. கீழே போடப் புதியது வேண்டும். கடைக்காரர் பேரிங்கை அளந்து பார்த்துவிட்டு டப்பா டப்பாவாகத் தேடினார். அந்த அளவு இல்லை.

"அடுத்த சனிக்கிழம வந்துடும். சைக்கிள் இங்கயே இருக்கட்டும்."

நான் தயங்கி நின்றேன். "அந்தப் பழச நான் கொண்டுபோகலாமா?"

"அத வச்சி என்ன பண்ணப்போறீங்க? சாமி ரூம்லயா வப்பீங்க?"

"மகன்கிட்ட காட்டணும்."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, அதை நன்றாகத் துடைத்து, மறுபடியும் பூட்டி, என் பூவைக் கட்டியிருந்த வாழை இலையில் ஒரு துண்டு கிழித்து அதில் சுருட்டிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்துகொண்டேன். கூச்சப்பட நேரமில்லை, நான் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தேன். காலுக்குக் கீழே இந்த ரயிலின் சக்கரங்கள் சுற்றுகின்றன. அவற்றுக்குள்ளும் குண்டோ உருளையோ இருக்கும். அதற்கும் ஒரு மூடி இருக்கும். மின்படி ஏறுகிறது, மின்தூக்கி இறங்குகிறது, காப்பிக்கடையின் மேல் பெரிய காற்றாடி சுற்றுகிறது. இந்த ஊரில் எத்தனை சுற்றுகின்றன! எங்கெங்கோ இருட்டுக்குள் எத்தனை மெல்லிய உதடுகள் தொட்டுக்கொண்டு நிற்கின்றன! இவ்வளவு வருடம் இவற்றின் மேலேயே உட்கார்ந்து போய்வந்தும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறதே என்று வியந்துகொண்டே ஊட்ரம் பார்க்கில் இறங்க மறந்துவிட்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் வாழை இலையை மகன் முன்னால் வைத்தேன்.

"என்னம்மா, லட்டா?"

"பிரிச்சுப் பாரு."

பார்த்தான். "இது என்ன?"

"சுத்து."

சுற்றினான். அது கரகரவென்று போய், நின்று, மறுபடியும் கரகரத்தது. நான் சொல்லத் தொடங்கினேன். மேல் வளையம், கீழ் வளையம், வெட்டு, தேங்கின தண்ணீர், பள்ளம், குண்டுகள் ஒன்றாகப் போய் விழுவது. நடுவில் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை என்று நினைக்கிறேன். மகன் வளையத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப தண்ணி ஊத்தினது நீங்கதான?"

"ஊத்தினது நான்தான். விழுந்தது இதால."

"அம்மா, இது கெட்டுப்போச்சுன்னா ஒங்க பேலன்ஸ் நல்லா இருக்குன்னு அர்த்தமா? ரெண்டும் போயிருக்கலாம்ல?"

அது நியாயமான கேள்விதான். அதற்கு வளையத்தில் பதில் இல்லை. நான் எழுந்து கூடத்தின் நடுவில் ஒற்றைக் காலில் நின்றேன்.

"ஐயோ, அம்மா! கால எறக்குங்க, விழுந்து தொலைக்காதீங்க!"

நான் காலை இறக்கவில்லை. அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றான், சின்னப் பிள்ளையைப் பிடிக்கப் போகிறவன்போல. கடைசியில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி. சைக்கிள் வரட்டும், பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹார்ன் சத்தம் எங்கள் மாடியைத் தாண்டிப் போனது. மகன் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான். சைக்கிள் கடையில் இருக்கிறது, அவரைப் பிறகு வரச் சொல்லக்கூட அவன் எழுந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடைக்காரர் புதிய பேரிங்கை நிறையக் கிரீஸ் தடவிக் கீழே வைத்தார். மேலே என் பழைய மஞ்சள் பேரிங். அதற்கு மேல் வெட்டு வளையம், புது ரப்பர் வளையம், மூடி. ரொம்பவும் இறுக்கினால் திரும்பாது, தளர்த்தினால் ஆடும் என்று சொல்லிக்கொண்டே, இறுக்கித் தளர்த்தி இறுக்கி ஓரிடத்தில் நிறுத்தினார். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தார். ஹேண்டில் தன் பாரத்தில் தானே சாய்ந்து ஒரு பக்கம் போனது. மறுபக்கம் சரித்தார், மறுபக்கம் வந்தது. நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. நான் அதை இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னேன். அவர் சலிக்காமல் காட்டினார்.

சாயங்காலம் புளோக்குக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்தின் காலியான கோடியில், மகன் வீட்டிலிருந்த செருப்புகளையெல்லாம் கொண்டுவந்து இடைவெளி விட்டு வரிசையாக வைத்தான்.

"இது என்னடா?"

"டிரைவிங் டெஸ்ட். ஒண்ணையும் தொடாம வளைஞ்சு வளைஞ்சு போகணும். போனா சைக்கிள் ஒங்களுது."

"தொட்டா?"

"தொட்டா பேசிக்கலாம்."

இரண்டு பேர் அங்கே நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். வேறு நாளாக இருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன். ஏறினேன். முதல் செருப்புக்கு இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம். நான் திருப்பவில்லை, திருப்ப நினைத்தேன், அது திரும்பியது. உள்ளங்கைக்குக் கீழே அந்தக் குண்டுகள் நெய்க்குள் உருள்வதை நான் உணர்ந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உணர முடியாதபடி உருள்வதுதான் அதன் வேலை. ஆனால் எனக்குத் தெரிந்தது. செருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரமாக நழுவிப் போயின. கடைசிக்கு வந்தபோது அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தேன். அந்தப் பார்வையில் பின்சக்கரம் செருப்பை உரசி அதைக் கோணலாக்கிவிட்டது.

நிறுத்திக் காலை ஊன்றினேன். அவன் நடந்து வந்தான்.

"இது பேரிங்கா, நீங்களா?"

"இது நான்தான்," என்றேன்.

அவன் குனிந்து செருப்பை நேராக வைத்தான். "சரி, இன்னொரு தடவ போங்க. என்னப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க."